கமாரோதான் சிறந்த வண்டி

நீங்க திரும்ப வேண்டாம் தங்கச்சி, கழுத்து வலிக்கும். பஸ்ல முன் வரிசை பெண்களுக்கு, அடுத்த வரிசை எனக்கு. நான் பின்னால இருந்தே சொல்றேன், காதுல விழுந்தா போதும். போன்ல அம்மாகிட்ட தமிழ்ல பேசிக்கிட்டிருந்தீங்க, அதான் நம்ம ஊர்ப் பிள்ளைன்னு பேச்சுக் கொடுத்தேன். ஷார்ஜாவிலிருந்து துபாய் போய்ச் சேர இந்த நேரத்துல ஒன்றரை மணி நேரம் ஆகும். சும்மா உட்கார்ந்திருந்தா தூக்கம்தான் வரும்.

இப்ப உறுமிக்கிட்டுப் போச்சே ஒரு சிவப்பு வண்டி, நீங்க தலையைத் தூக்கிப் பார்த்தீங்க, நான் கவனிச்சேன். அது மஸ்டாங். நான் வச்சிருக்கிறது கமாரோ. அமெரிக்காவுல இந்த ரெண்டையும் அம்பது வருஷத்துக்கு மேல ஒண்ணுக்கொண்ணு போட்டியா வித்தாங்க. எது சிறந்ததுன்னு அங்க இன்னும் சண்டை தீரலை. எங்க குடும்பத்துல தீர்ந்துபோச்சு. போன மார்ச் மாசத்தோட தீர்ந்துபோச்சு. கமாரோதான். எழுத்துல இருக்கு.

கமாரோ வச்சிருக்கிறவன் ஏன் பஸ்ல வர்றான்னு நீங்க கேட்கலை. நல்ல பழக்கம். அதுக்கும் காரணம் இருக்கு, வரிசையா வர்றேன்.

என் பேரு கோமதிநாயகம். ஏசி குழாய் செய்ற கம்பெனியில பர்ச்சேஸ் மேனேஜர். ஒரு பொருளைப் பார்த்தவுடனே அதோட மதிப்பு என்னன்னு சொல்றதுதான் பதினெட்டு வருஷமா என் வேலை. இதுவரைக்கும் யாரும் என்னை ஏமாத்தினதில்ல. என் சகலை பேரு செந்திவேல். என் மனைவி உலகம்மையோட தங்கச்சி வடிவைக் கட்டினவன். அவனை இந்த ஊருக்குக் கூட்டிவந்ததே நான்தான். இப்ப ஒரே கட்டடத்துல நாங்க மூணாவது மாடி, அவங்க அஞ்சாவது மாடி. அவன் அஞ்சாவது மாடி கேட்டு வாங்கினப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

எங்க மாமனார் பாளையங்கோட்டையில இருக்கார். மின்வாரியத்துல இருந்து ஓய்வு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில பத்து மணிக்கு வீடியோ கால் பண்ணுவார். முதல்ல மூத்த மாப்பிள்ளை எனக்கு, அப்புறம்தான் சின்ன மாப்பிள்ளைக்கு. பதினொரு வருஷமா அதான் முறை. போன வருஷம் செப்டம்பர்ல செந்திவேல் மஸ்டாங் வாங்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தாச்சு, பத்தேகால் ஆச்சு, பத்தரை ஆச்சு. என் போன் அடிக்கலை. பத்து நாற்பதுக்கு அடிச்சது. எடுத்தா மாமனார் சிரிச்சுக்கிட்டே இருக்கார். "சின்ன மாப்ளை வண்டியைச் சுத்திக் காட்டிக்கிட்டிருந்தாரு. எம்மாடி, என்ன வண்டி! சரி, நீங்க நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கீங்களான்னு கேட்டார், தங்கச்சி. ஆஸ்பத்திரியில இருக்கிறவனைக் கேட்கிற மாதிரி.

மூணு வாரத்துல கமாரோ வாங்கினேன். ஆத்திரத்துல வாங்கினேன்னு உலகம்மை நினைக்கிறா. இல்ல. எல்லாத்தையும் தாள்ல எழுதிப் பார்த்து, மதிப்பைக் கணக்குப் பண்ணித்தான் வாங்கினேன். செந்திவேல் வாங்கினது இந்த நாட்டுக்குன்னே தயாரிச்சது, ஏஜென்சி சர்வீஸ் புத்தகத்தோட. என்னது அமெரிக்காவிலிருந்து ஏலத்துல எடுத்துக் கப்பல்ல வந்தது. பின்பக்கம் லேசா இடிபட்டு, சரி பண்ணினது. அதனால முப்பதாயிரம் திர்ஹாம் குறைச்சல். அதே எட்டு சிலிண்டர். அவனோட எஞ்சின் அஞ்சு லிட்டர், என்னது ஆறு புள்ளி ரெண்டு. நீங்களே சொல்லுங்க, யாருக்கு மூளை?

"அண்ணாச்சி, இடிபட்ட வண்டி இடிபட்ட வண்டிதான்"னான் செந்திவேல்.

"இடிபட்டு எந்திரிச்ச வண்டிக்கு பலம் ஜாஸ்திவே"ன்னேன்.

நவம்பர் வரைக்கும் எங்க வீட்டுல சாப்பாட்டு நேரத்துல வேற பேச்சே கிடையாது. மஸ்டாங் டிக்கியில ரெண்டு அரிசி மூட்டை போகும், கமாரோவுல ஒண்ணுதான் போகும்னு அவன் அளந்தே பார்த்துட்டு வந்து சொன்னான்.

"அரிசி மூட்டை ஏத்துறதுக்காவே நானூத்தி அம்பத்தஞ்சு குதிரை?"

"மூட்டை ஏத்தலைன்னா அம்புட்டுக் குதிரைக்கும் என்ன தீனி போடுவீரு?"

"கமாரோ செய்றதையே நிறுத்திட்டான், தெரியும்லா? இனிமே இது அபூர்வப் பொருள். மதிப்பு ஏறும்."

"செத்தா மதிப்பு கூடும்கீரு. வண்டிக்கு மட்டுமா, ஆளுக்குமா?"

வடிவு சிரிச்சுட்டா. அக்காளும் தங்கச்சியும் அடுக்களையில நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. வண்டியைப் பத்தி ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. உலகம்மைகிட்ட ஒருநாள், "நம்ம வண்டி எத்தனை குதிரைத் திறன், சொல்லு பார்ப்போம்"னேன். "நிறைய"ன்னா. அவ்வளவுதான் அவ ஞானம்.

பேசித் தீராதுன்னு தெரிஞ்சதும் ட்ராக்குல வச்சுப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணினோம். இங்க பாலைவனத்துப் பக்கம் ஒரு பந்தய ட்ராக் இருக்கு. குளிர்காலத்துல சனிக்கிழமை காலையில கட்டணம் கட்டினா யார் வேணும்னாலும் சொந்த வண்டியை ஓட்டலாம். இருபது நிமிஷமா மூணு தடவை. வேகமான ஒரு சுற்று எவ்வளவு நேரம்னு மெஷின்ல அச்சடிச்சே கொடுத்துடுவாங்க. கூட ஒருத்தர் பேரையும் சேர்த்துப் பதிஞ்சா சாப்பாட்டுக் கூப்பன் ரெண்டு இலவசம். அதனால உலகம்மை பேரையும் எழுதினேன். அவகிட்ட லைசென்ஸ் இருக்கு. எனக்கு இந்த ஊர் லைசென்ஸ் ஏழாவது டெஸ்டுல கிடைச்சது, அவளுக்கு முதல் டெஸ்டுலயே கிடைச்சது. பொம்பளைங்கன்னா பார்த்துப் போடுவாங்க. ஆறு வருஷமா பழைய சன்னி வண்டியில பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டிட்டு வந்துக்கிட்டிருந்தா. அவ ஓட்டின தூரம் அவ்வளவுதான்.

நவம்பர் மாசம், முதல் சனிக்கிழமை. போனதும் வண்டியைச் சோதனை போட்டாங்க. உள்ள அசையிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். முருகர் படத்தைக் கழட்டச் சொன்னான். செந்திவேல் முதல்ல கழட்டட்டும்னு நான் நின்னேன். நான் கழட்டட்டும்னு அவன் நின்னான். கடைசியில ரெண்டு பொம்பளைங்களும் கழட்டி மடியில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் செந்திவேல் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து மஸ்டாங் டயருக்கு அடியில வச்சான். கொடி பிடிக்கிற பிலிப்பினோப் பையன் ஓடிவந்து, "சார், ட்ராக்குல பழம் சாப்பிடக் கூடாது"ங்கிறான். "சாப்பிடலைப்பா, நசுக்கப் போறோம்"னு விளக்கினா அவனுக்கு இன்னும் பயமாயிடுச்சு. நாலையும் பிடுங்கிட்டுப் போயிட்டான். நான் எதுவும் கொண்டுபோகலை. சட்டைப் பையில ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன், அதை யாருக்கும் காட்டலை.

ராணியான்னு ஒரு லெபனான் பொம்பளை. நாற்பது வயசிருக்கும். அவதான் அங்க தலைமைப் பயிற்சியாளர். ஓட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சுப் பாடம் எடுத்தா. முடிச்சுட்டு, கேள்வி உண்டான்னு கேட்டா. நான் எழுந்து என் எஞ்சின் விவரமெல்லாம் சொன்னேன். அவ, "நல்லது, கேள்வி என்ன?"ன்னா. உலகம்மை மட்டும் மெதுவா, "பிரேக் எந்த இடத்துல விடணும்?"னு கேட்டா. எனக்கு வெட்கமாப் போச்சு. எல்லாரும் பிரேக் எங்க பிடிக்கணும்னு கேட்பாங்க, இவ எங்க விடணும்னு கேட்கிறா. ராணியா அவளை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போய்த் தரையில கோடு போட்டுக் காட்டினா. பாவம், புரியாதவங்களுக்கு அப்படித்தான் சொல்லணும்.

முதல் ரெண்டு தடவையும் நான்தான் ஓட்டினேன். என் வேகமான சுற்று ரெண்டு நிமிஷம் நாலு நொடி. செந்திவேல் ரெண்டு நிமிஷம் ஒரு நொடி. மூணு நொடி வித்தியாசத்துக்குக் காரணம் காலையில சாப்பிட்ட பூரி. வளைவுல வண்டி ஒரு பக்கம் போனா பூரி ஒரு பக்கம் போகுது. ரெண்டாவது முடிஞ்சு இறங்கினதும் டயர் அடுக்குக்குப் பின்னால போய் நின்னுட்டு வந்தேன். மூணாவது தடவைக்கு உட்கார முடியலை. அதுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டியாச்சு, திருப்பித் தர மாட்டானாம். இருபது நிமிஷம் வீணாப் போறதை என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியுமா? பர்ச்சேஸ் மேனேஜர் நான். "நீ ஏறு உலகு, சும்மா உருட்டிட்டு வா"ன்னேன்.

தாலிக்கொடி வெளியே தொங்கக் கூடாதுன்னு சொன்னதால ரெண்டு ஊக்கு போட்டுச் சட்டைக்குள்ள குத்தினா. ஹெல்மெட்டை மாட்டினா. சீட்டை முன்னுக்கு இழுத்தா, கண்ணாடியைச் சரி பண்ணினா. பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியே போனா.

ஒரு நிமிஷம் அம்பத்துமூணு.

செந்திவேல் அச்சடிச்ச தாளை வாங்கி வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தான். நான் அவன் முதுகுல தட்டி, "பார்த்தீராவே, வண்டி தெரியாத பொம்பளை ஓட்டினாக்கூட இப்படிப் போகுதுன்னா, அதான்வே வண்டி!"ன்னேன்.

அவன் லேசுப்பட்டவன் இல்ல. தாளைத் திருப்பிக் கொடுத்தான். "அண்ணாச்சி, இது முறையில்ல. ரெண்டு வண்டியை ஒப்பிடணும்னா ஓட்டுறது ஒரே ஆளா இருக்கணும். மதினி என் வண்டியையும் ஓட்டட்டும்"னான்.

நியாயமாத்தான் பட்டது. அவனோட மூணாவது தடவையை அவளுக்குக் கொடுத்தான். மஸ்டாங்ல ஒரு நிமிஷம் அம்பத்துமூணு புள்ளி நாலு. இறங்கினதும் ரெண்டு பேரும் ஓடிப்போய், "எது நல்லா இருக்கு?"ன்னோம். அவ ஹெல்மெட்டைக் கழட்டி முடியை ஒதுக்கிக்கிட்டு, "இன்னொரு தடவை ஓட்டினாத்தான் சொல்ல முடியும்"னா.

அப்படி ஆரம்பிச்சது. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மாசம் ரெண்டு சனிக்கிழமை. நாங்க ஓட்டுறதை நிறுத்திட்டோம். ஓட்டினா கணக்குக் குழம்பும். அவ தராசு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். தராசுக்கு எடை தெரிய வேண்டியதில்ல, தட்டு நேரா இருந்தா போதும். அவ ரெண்டு வண்டியையும் மாத்தி மாத்தி ஓட்டுவா. வடிவு டைம் எழுதுவா, டயர்ல காத்து பார்ப்பா. அவ பி.காம்., எழுத்து சுத்தமா இருக்கும். நானும் சகலையும் குடைக்கு அடியில உட்கார்ந்து முடிவுகளை ஆராய்வோம். ஒரு வாரம் கமாரோ அரை நொடி முன்னால இருக்கும். மறுவாரம் மஸ்டாங். நான் அவளுக்கு நிறைய சொல்லிக்கொடுத்தேன். வளைவுல என்ன பண்ணணும், நேர்ல என்ன பண்ணணும், எல்லாம். அவ தலையாட்டிட்டு ராணியாகிட்ட போய் நின்னுக்குவா. பிப்ரவரியில ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டுக்கு வந்துட்டா. அந்தப் பிலிப்பினோப் பையனெல்லாம் "மேடம் உலகா, மேடம் உலகா"ன்னு கொடியை ஆட்டுவான். என்னைப் பார்த்தா, "சார், பழம் இருக்கா?"ங்கிறான்.

இங்கதான் பிரச்சினை ஆரம்பிச்சது.

மார்ச் முதல் வாரம் ராணியா வந்து எங்க குடைக்கு அடியில உட்கார்ந்தா. பெண்களுக்குன்னு தனியா ஒரு பயிற்சிப் பிரிவு ஆரம்பிக்கிறாங்களாம். உலகம்மை அதுல பயிற்சியாளரா சேரணுமாம். வாரத்துக்கு அஞ்சு நாள், சம்பளம், சீருடை. டைம் போடுற மேசைக்கு ஒரு ஆள் வேணும், வடிவும் வரட்டும்னா. நான் சிரிச்சேன். செந்திவேலும் சிரிச்சான். ராணியா சிரிக்கலை.

வீட்டுக்கு வந்ததும் உலகம்மை ஒரு தாளை மேசையில வச்சா. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இந்த ஊர்ல மனைவி இருக்கிறது புருஷன் விசாவுல. அவ வேலைக்குப் போகணும்னா, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு புருஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அந்தத் தாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க"ன்னா. "பதினாறு வருஷத்துல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இதைக் கேட்கேன்."

கேட்டதில்லைங்கிறது உண்மைதான். ஆனா தங்கச்சி, என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தராசு எந்திரிச்சு வேலைக்குப் போறேன்னா, பாதி எடை போட்ட சாமான் என்ன ஆகிறது? அஞ்சு மாசமா ஓட்டுறா, எந்த வண்டி சிறந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கேட்கிறப்பல்லாம், "மஸ்டாங்ல சீட் தோதா இருக்கு"ங்கிறா, "கமாரோவுல வளைவு தோதா இருக்கு"ங்கிறா. ஊர்ல மாமனார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாரம் எனக்கு முதல்ல பண்றார், ஒரு வாரம் அவனுக்குப் பண்றார். அவர் வயசுக்கு எவ்வளவு நாள் இப்படி மாறி மாறிப் பண்ணுவார்?

அதனால சொன்னேன். "முதல்ல நீ முடிவைச் சொல்லு. ட்ராக்குலயும் சரி, மதிப்புலயும் சரி, கமாரோதான் சிறந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உடனே நான் இதுல போடுறேன்."

அவ பேனாவைத் தாளுக்குப் பக்கத்துல வச்சா. அழுவாளோன்னு நினைச்சேன். அழலை. "பொய் எழுதச் சொல்லுதீங்க"ன்னா.

"அப்ப மஸ்டாங்தான் சிறந்ததுங்கிறியா?"

"அப்படியும் எழுத முடியாது."

மூணு வாரம். அந்தத் தாள் சாப்பாட்டு மேசையிலயே இருந்தது. அதுக்குப் பக்கத்துல பேனா. அதைச் சுத்தித்தான் தட்டு வச்சுச் சாப்பிட்டோம். சாம்பார் தெறிக்காம இருக்க அவ அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டா. அவ பேசுறதில்ல, நான் விடுறதில்ல. மேல் மாடியிலயும் இதே கதைதான்னு தெரிஞ்சது. வடிவுக்கும் அதே மாதிரி ஒரு தாள். செந்திவேல், "மதினி முடிவைச் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்"னு சொல்லிட்டானாம். அவனுக்கு என்னைப் பார்த்துத்தான் எதையும் செய்யத் தெரியும்.

மார்ச் முப்பதோட ராணியா கொடுத்த கெடு முடியுது. இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அக்காளும் தங்கச்சியும் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாங்க. துணி எடுக்க ஒரு மணி நேரம். திரும்பி வந்தா, உலகம்மை நேரா என் முன்னால உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சா.

இருங்க, அதை எடுத்துக் காட்டுறேன். எப்பவும் சட்டைப் பையில வச்சிருப்பேன். நீல உறைக்குள்ள. வாசிக்கிறேன், கேளுங்க. "ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்ததில், ட்ராக்கிலும் மதிப்பிலும் சிறந்த வண்டி இதுதான். இப்படிக்கு, உலகம்மை." கீழே தேதி.

வண்டி பேர் இல்லையேன்னு நானும் கேட்டேன், கேட்காம விடுவேனா? "உங்க பையில இருக்கிற கடிதம் உங்க வண்டியைத் தவிர வேற எந்த வண்டியைச் சொல்லும்?"னா. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு தெளிவு. அவ ஒரே ஒரு நிபந்தனை போட்டா. செந்திவேல்கிட்ட இதைக் காட்டக் கூடாது, காட்டினா அவர் மனசு கஷ்டப்படும்னா. தோத்தவன் மேல அவளுக்கு இரக்கம். எனக்கும் இரக்கம் உண்டு. அதனால இன்னிக்கு வரைக்கும் நான் அவன்கிட்ட காட்டலை. மாமனாருக்கு மட்டும் போன்ல ரகசியமா வாசிச்சுக் காட்டினேன். அவர், "இன்னொரு தடவை வாசிங்க"ன்னார். "அப்படியா"ன்னார். அப்புறம், "ரெண்டு மாப்ளைங்களும் நல்லா இருங்க"ன்னார்.

அன்னிக்கே கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா பாருங்க, மறுநாளே செந்திவேலும் வடிவு தாள்ல போட்டுட்டான். நான் போட்டதைப் பார்த்துத்தான். கேட்டா, "என்னமோ தோணிச்சு, போட்டேன்"கிறான். ரொம்ப சந்தோஷமா வேற இருக்கான். தோத்ததே தெரியாதவன் முகம் அது. பாவமாத்தான் இருக்கு.

இப்ப வண்டி உலகம்மைகிட்ட இருக்கு. காலையில ஆறு மணிக்கு ட்ராக்குல இருக்கணும், அங்க பஸ் கிடையாது. பிள்ளைங்க பள்ளிக்கூட பஸ்ல போறாங்க, பழைய சன்னியை வித்தாச்சு. சிறந்த வண்டி ஓடாம நின்னா பாட்டரி இறங்கிடும், நல்லா ஓட்டத் தெரிஞ்ச கையில இருக்கட்டும்னு நானாத்தான் கொடுத்தேன். என்னை இறக்கி விட்டுட்டுப் போறேன்னுதான் சொன்னா. ஒருநாள் போனேன். பக்கத்து சீட்டுல உட்கார்ந்தா இன்னும் அந்தப் பூரி ஞாபகம் வருது. பஸ்ல காத்தோட்டமா இருக்கு. செந்திவேல் வீட்டுலயும் இதே கதைதான், வடிவுகிட்டயும் லைசென்ஸ் இருக்கு. அவ இப்ப வேலைக்கு மஸ்டாங்லதான் போறா. ரெண்டு பேருக்கும் ஷிப்ட் வேற வேற, ஒரே வண்டியில போக முடியாதாம்.

போன வாரம் உலகம்மையை எனக்குத் தெரியாத ரெண்டு பொம்பளைங்க சூப்பர் மார்க்கெட்ல நிறுத்தி, கையைப் பிடிச்சுப் பேசினாங்க. அவளோட மாணவிகளாம். "இவர்தான் என் வீட்டுக்காரர்"னா. அவங்க என்கிட்ட, "நீங்களும் ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் கமாரோ சொந்தக்காரன்னு சொன்னேன். அவங்களுக்கு அது சரியாப் புரியலை.

இந்த ஸ்டாப்புல கொஞ்சம் கூட்டம் ஏறும். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அதோ, வரிசையில மூணாவதா நிக்கிறான் பாருங்க, நீலக் கோடு போட்ட சட்டை. அவன்தான் செந்திவேல், வேலை முடிஞ்சு இங்கதான் ஏறுவான். தங்கச்சி, ஒரே ஒரு உதவி. நான் அந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டினதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டான்.

அவன் சட்டைப் பையிலயும் ஒரு நீல உறை இருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்குவான். என்னவோ இன்ஷூரன்ஸ் தாளா இருக்கும். மேல அவன் பேர் எழுதியிருக்கிறது அசப்புல உலகம்மை கையெழுத்து மாதிரியே இருக்கும். வடிவு எழுதினது. அக்கா தங்கச்சி, ஒரே பள்ளிக்கூடம், எழுத்து ஒரே மாதிரிதானே இருக்கும்?

வாரும் சகலை, வாரும். உமக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கேன். இந்தத் தங்கச்சியும் நம்ம பக்கம்தான். ஒண்ணுமில்லவே, பொதுவா வண்டிகளைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.